வித்தெல் தண்ணீரும் மாட்டுத் தீவனமும்

"கம்பெனிகள் இயற்கையைக் காப்பாற்றுகின்றன" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். அப்படிப்பட்ட நானே மதிப்போடு படித்த கதை ஒன்று உண்டு. பிரான்சின் கிழக்கே, வோஜ் பகுதியில் வித்தெல் என்று ஓர் ஊர். நெஸ்லே பாட்டிலில் அடைத்து விற்கும் வித்தெல் தண்ணீர் அங்கே ஊறுவதுதான்.

1980-களில் அந்த ஊற்றுநீரில் நைட்ரேட் ஏறத் தொடங்கியது. வடிகட்டி விற்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது! 'இயற்கை மினரல் வாட்டர்' என்று விற்பதை அப்படிச் சுத்திகரிக்க அங்கே சட்டம் இடம் தராது. வினை இருந்தது மேலே வயல்களில். பால்மாடுகளின் தீவனத்துக்கு மக்காச்சோளம், அதற்கு உரம். அறுவடை முடிந்தால் நிலம் வெறுமனே கிடக்கும். மழை பெய்தால் நைட்ரேட் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அரசு வேளாண் ஆய்வாளர்களும் சேர்ந்து விவசாயிகளோடு பல வருடம் பேசினார்கள். 1992-இல் இதற்காகவே அக்ரிவேர் என்ற துணை நிறுவனம் தொடங்கப்பட்டது. மக்காச்சோளத்தை விடுங்கள், புல்லும் குதிரைமசாலும் வளருங்கள், பூச்சிமருந்து வேண்டாம் என்றார்கள். பதிலுக்கு 18 முதல் 30 வருட ஒப்பந்தம், முதல் ஐந்து வருடம் ஹெக்டேருக்குச் சுமார் 200 யூரோ, கம்பெனி வாங்கிய நிலத்தில் இலவசமாகப் பயிர் செய்யும் உரிமை. சாணத்தை மக்க வைத்து வயலில் போட்டுத் தரவும் ஆள் வந்தார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். செக் எழுதுவது சுலபம், எரு அள்ளுவது அப்படி இல்லையே! 2004-க்குள் 26 பண்ணைகளும் சேர்ந்துவிட்டன.

இதோடு நிறுத்தினால் நல்ல விளம்பரப் படம். ஆனால் 2024 ஜனவரியில், தன் மினரல் வாட்டர்கள் சிலவற்றுக்கு அனுமதி இல்லாத வடிகட்டிகளைப் பயன்படுத்தியதாக நெஸ்லேயே ஒப்புக்கொண்டது. அதே செப்டம்பரில் வோஜ் பகுதி வழக்கை முடித்துக்கொள்ள 20 லட்சம் யூரோ கட்டச் சம்மதித்தது.

என்னை அதைவிட உறுத்துவது வேறு. வித்தெலுக்கு அடியில், ஆழத்தில், மணற்பாறைக்குள் இன்னொரு நீர்த்தாங்கி இருக்கிறது. ஊர்க்காரர்கள் குடிப்பது அதைத்தான். நெஸ்லேயும் ஒரு சீஸ் ஆலையும்கூட அதிலிருந்து எடுத்துவந்தன. ஊறுவதைவிட எடுப்பது அதிகமாகி, மட்டம் பல வருடங்களாக இறங்கியது. மேலே புல் வளர்த்தால் நைட்ரேட் குறையும், இது ஏறாது. எடுப்பதைக் குறைத்தால்தான் உண்டு. ஆனால் முன்வைக்கப்பட்ட யோசனை என்ன தெரியுமா? ஊர்மக்களுக்கு வேறு இடத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவருவது! பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2019-இல் அதைக் கைவிட்டார்கள்.