ஊரைச் சுமக்கும் ஒற்றைக் கோர்

கிணத்துக்கடவில் முன்பு கேபிள் டிவி கன்ட்ரோல் ரூமாக இருந்த அந்த மாடி அறையிலிருந்து இப்போது தோட்டத்து வீடுகள் வரை ஃபைபர் போகிறது. விலை உயர்ந்த ரவுட்டர் எதுவும் அங்கே இல்லை. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய சாதாரணக் கம்ப்யூட்டர்தான்: எட்டு கோர் பிராசசர், 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு, லினக்ஸ். அதை ரவுட்டராக ஓட்டும் இளைஞரின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன்.

"ஸ்பீடு எத்தனை ஜிபின்னுதானுங்க எல்லாரும் கேக்கறாங்க. பாக்கெட் எத்தனைன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை" என்றார்.

அவர் சொன்னதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டின், அதாவது தரவுத் துண்டின், முகவரியையும் படித்துத்தான் வழி அனுப்ப வேண்டும். பெரிய பாக்கெட்டானாலும் சின்னதானாலும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இவ்வூர்த் தக்காளிச் சந்தையில் லாரிக்கு ஒரு சீட்டு எழுதுவதற்கும் பெட்டிக்கு ஒரு சீட்டு எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. 10 கிகாபிட் லைனில் 1518 பைட் பாக்கெட்டுகளாக வந்தால் விநாடிக்குச் சுமார் 8 லட்சம். 64 பைட் பாக்கெட்டுகளாக வந்தால் 1 கோடியே 48 லட்சம். அப்போது ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோ விநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோர் அதற்குள் 200 முறைதான் துடிக்கும்.

மத்தியானம் சோதனை நடந்தது. இன்னொரு கம்ப்யூட்டரில் லினக்ஸோடு வரும் பிகேடிஜென் நிரலை ஓட்டி, 64 பைட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினார். அனுப்பும் முகவரியை மாற்றிக்கொண்டே இருந்தார். கார்டு முகவரியைப் பார்த்துத்தான் பாக்கெட்டுகளை வரிசை பிரித்துக் கோர்களுக்குக் கொடுக்கும். முகவரி மாறாவிட்டால் எல்லாம் ஒரே வரிசையில் போய் விழும். எட்டு கோரும் சமமாக உழைத்தன. எனக்குத் திருப்தியாக இருந்தது. அவருக்கு இல்லை.

"ராத்திரி பாருங்க" என்றார்.

ஒன்பது மணிக்குப் போன் அடிக்கத் தொடங்கியது. திரையில் முதல் கோர் நூறு சதவீதம்; மற்ற ஏழும் கிட்டத்தட்டச் சும்மா. பக்கத்திலிருந்த, இந்த நெட் தொழிலை நடத்தும் ஆபரேட்டர், "ஏங்கண்ணு, மத்தியானம் நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார்.

"அது வெறும் பாக்கெட்டுங்கண்ணா. வீட்ல இருந்து வர்றது பிபிபிஓஇ உறைக்குள்ள வருது. கார்டுக்கு உறையைப் பிரிச்சுப் பாக்கத் தெரியலீங்க. மொத்தத்தையும் முதல் கோர் தலையில கட்டிருது."

சந்தாதாரர் லாக்இன் ஆவதற்கான ஏற்பாடுதான் பிபிபிஓஇ. புதிய கார்டுகள் சிலவற்றுக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம், இது பழையது. படம் பார்க்கும் வீட்டிலிருந்து மேலே வருபவை பெரும்பாலும் 'வந்து சேர்ந்தது' என்னும் ஒப்புகைப் பாக்கெட்டுகள், எல்லாமே பொடிசு. அவை தேங்கினால் படத்தை அனுப்பும் சர்வர் வேகத்தைக் குறைக்கும், படம் நிற்கும். லைனில் பாதி இடம் காலியாக இருந்தும் நெட் ஸ்லோ ஆவது இதனால்தான்.

சாதாரணக் கம்ப்யூட்டரை ரவுட்டராக்கும் முயற்சி பழையது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஓல்சன் இதில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். பாக்கெட் வரும்போதெல்லாம் பிராசசரைக் கூப்பிட்டால் அது கூப்பிட்ட குரலுக்கு ஓடியே ஓய்ந்துபோகும். நெரிசலில் பிராசசரே போய் மொத்தமாக அள்ளி வரட்டும் என்னும் 'நேப்பி' முறையை அவரும் ஜமால் ஹாதி சலீமும் அலெக்சி குஸ்நெட்சோவும் 2001இல் விளக்கினார்கள். கார்டால் முடியாத பங்கீட்டை மென்பொருளே செய்யும் ஆர்பிஎஸ் வசதி, கூகுளின் டாம் ஹெர்பர்ட் எழுதியது, 2010இல் லினக்ஸில் சேர்ந்தது.

கிணத்துக்கடவுக்கு அன்றிரவு உதவியது அந்த ஆர்பிஎஸ். மூன்று மணிக்கு, ஊர் தூங்கும் நேரத்தில், எந்தெந்தக் கோர் என்று குறிக்க இளைஞர் அடித்தது இரண்டே எழுத்து: எஃப், இ. எட்டு கோரையும் சேர்க்க எஃப், எஃப் என்று அடித்திருக்க வேண்டும். கார்டிலிருந்து வாங்கும் வேலையே முதல் கோருக்குப் போதும், அதற்கு இதில் பங்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார். இந்த முடிவு கையேட்டைப் படித்தால் மட்டும் வராது. தன் ஊர் டிராஃபிக்கை இரவு இரவாகப் பார்த்தவருக்குத்தான் வரும்.

மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு ஏழு கோர்களும் சுமையைப் பகிர்ந்துகொண்டன. முதல் கோருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

அவர் அடுத்த கணக்கில் இறங்கிவிட்டார். ஒரே இணைப்பில் வரும் பெரிய டவுன்லோடைப் பல கோர்களுக்குப் பிரித்தால் பாக்கெட்டுகள் முன்பின்னாகிவிடும். அதை ஒரே கோர்தான் இழுத்தாக வேண்டும். ஆபரேட்டர் பதினாறு கோர் மெஷினுக்கு விலை விசாரித்து வைத்திருந்தார்.

"வேண்டாங்கண்ணா. கோர் எட்டே போதும். ஒவ்வொண்ணும் வேகமா ஓடறதா எடுங்க" என்றார் இவர்.