விவாகரத்து இல்லாத கல்யாணம்!

தெற்கு பிரான்ஸில் துலூஸ் நகரம். விமான நிலையத்தை ஒட்டி ஏரோஸ்கோப்பியா மியூசியம். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து நின்றுவிட்டேன். கொக்கு மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு கான்கார்ட்! ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த ஆசாமி.

பெற்றோர் இரண்டு பேர். பிரிட்டன், பிரான்ஸ். 1962-ல் ஒப்பந்தம். ‘இவங்க பாதியில கழண்டுக்கிட்டா..?’ என்று பிரிட்டனுக்கு சந்தேகம். அதனால் யாருமே விலக முடியாதபடி பத்திரம் எழுதச் சொன்னது.

1964-ல் வந்த புது பிரிட்டிஷ் அரசு செலவுக் கணக்கைப் பார்த்து அரண்டுபோய், ‘ஆளை விடுங்கப்பா’ என்றது. விட்டால்தானே? பூட்டு அவர்களே போட்டது!

குழந்தைக்குப் பெயர் வைப்பதிலும் தகராறு. கான்கார்டுக்குக் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் போடும் ‘ஈ’ வேண்டுமா, வேண்டாமா? 1967-ல் இதே துலூஸில் பிரிட்டிஷ் அமைச்சர் டோனி பென், ‘ஈ இருக்கட்டும்’ என்று விட்டுக்கொடுத்தார்.

1969 மார்ச் 2, இதே ஊரில் முதல் தடவை பறந்தது. மொத்தமே 20 விமானங்கள்தான். போட்ட பணம் திரும்பவில்லை. 2003-ல் ஓய்வு.

நஷ்டக் கணக்குதான் சார். ஆனால், அந்தப் பத்திரத்தில் வெளியேற ஒரு சின்ன வழி இருந்திருந்தால், நான் அண்ணாந்து பார்க்க அங்கே ஒன்றுமே இருந்திருக்காது!