ஒன்பதாவது மணிக்கு அப்புறம்

சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது மாதத்தைத்தான் அலகாக வைத்துக்கொள்கிறோம். இந்த அலகு சிலதை மறைக்கிறது. 46,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாய்க்குப் போக எனக்கு ஒரு வாய்ப்பு வந்தபோதுதான் இது உறைத்தது.

இப்போதைய வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு சிறிய மெஷின் ஷாப்பில். 1964-இல் தொடங்கிய பேட்டை அது. ஆவடி வீட்டிலிருந்து காலை எட்டேகாலுக்குக் கிளம்பி, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், மாலை ஐந்தே முக்காலுக்குள் திரும்பிவிடலாம். ஒன்பதரை மணி நேரம். புது வேலை ஒரகடத்தில், மானேஜராக. பூந்தமல்லியில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஐந்தே முக்காலுக்கே வீட்டை விடவேண்டும்; வீடு சேர இரவு எட்டேகால். பதினாலரை மணி நேரம். மாதம் இருபத்தாறு நாள் என்று வகுத்துப் பார்த்தேன். இரண்டு வேலையிலும் மணிக்கு ஏறக்குறைய 186 ரூபாய்தான். சம்பளம் உயரவே இல்லை. மாதத்துக்கு 130 மணி நேரம் கூடுதலாக, அதே விலைக்குக் கேட்கப்பட்டது, அவ்வளவுதான்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் வேறு மாதிரி நினைத்தது. நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி தாண்டினால் இரட்டைக் கூலி என்றது. ஒன்பதாவது மணிக்கு அப்புறம் வருகிற நேரம் வேறு ஜாதி, அதை எடுப்பவன் கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்கிற ஒப்புதல் அதில் இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்பும் இரட்டைக் கூலியை விட்டுவிடவில்லை. ஆனால் பழைய சட்டத்தின் 64-ஆம் பிரிவு, மேற்பார்வை, நிர்வாகப் பதவியில் இருப்பவர்களை இந்தக் கணக்கிலிருந்து விலக்க இடம் கொடுத்தது. புதியதும் நிர்வாகிகளைத் தொழிலாளியாக எண்ணுவதில்லை. பதவி உயர்வு என்பது கடிகாரத்துக்கு வெளியே போவது. வேலை நேரம் என்ன என்று போனில் கேட்டேன். "மானேஜருக்கு நேரமெல்லாம் கிடையாது, சார்" என்றார் அந்தப் பையன். கபடமில்லாமல்தான் சொன்னார்.

2023 ஏப்ரல் 21-இல் தமிழகச் சட்டசபை பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியது; மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். தொழிலாளிக்காகப் பேசச் சங்கம் இருந்தது. மாதச் சம்பளத்து மானேஜர் தன் பன்னிரண்டு மணியைத் தானே கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறான்.

காஃப்கா 1907-இல் ப்ராகில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்து, நீண்ட வேலை நேரம் தாங்காமல் மறு வருஷமே விலகினார். அடுத்துப் போன தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு ஸ்தாபனத்தில் பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். அப்படிக் கிடைத்த பிற்பகல்களையும் 1911-லிருந்து குடும்பத்து ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலை வந்து கேட்டது. ஆக, மிச்சமான நேரம் தானாகவே நம்முடையதாகிவிடுவதில்லை.

என் மாலையில் இலக்கியம் ஒன்றும் உற்பத்தியாவதில்லை. அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. பேப்பர் படித்துக் காட்டுகிறேன். வரன் விளம்பரங்களைக்கூட விடக்கூடாது என்பாள். சில நாள் மொட்டைமாடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு 24,000 ரூபாய் பெறுமா என்று கேட்பதே தொழிற்சாலையின் கணக்குதான். ஓய்வும் ஏதாவது விளைவிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

மனைவியின் கேள்வி இதைவிடக் கடினமானது. "நேரத்த வெச்சு வீட்டுக் கடன் கட்ட முடியுமா?" முடியாது. வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது. அவள் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை.