டூப்ளே கேட்ட கடிகாரமும் சைகோன் தாத்தா கடிகாரமும்



லண்டனில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். "டீச்சர், நீங்க பாடம் நடத்தின டூப்ளே ஆர்டர் கொடுத்த கடிகாரமாம் இது. பாத்ததும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு" என்று கீழே எழுதியிருந்தார். அங்குள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில் 2024 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை வெர்சாய் அரண்மனை பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அதில் இதை வைத்திருந்தார்கள். முதலில் அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிறகு நம் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றி உறவுகளிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் கடிகாரத்தின் பெயர் 'உலகப் படைப்பு'. பஸ்மோன் என்பவர் திட்டமிட்டார், ரோக் என்ற கடிகாரக்காரர் இயந்திரம் செய்தார், ஜெர்மேன் என்ற பொற்கொல்லர் வெண்கல வேலை பார்த்தார். வெர்சாயில் 9999ஆம் ஆண்டு வரை தேதி காட்டும்படி ஒரு கடிகாரம் இருக்கிறதே, அதைத் திட்டமிட்டவரும் இதே பஸ்மோன்தான். 'உலகப் படைப்பு' பாறை, நீர், மேகம், ஒளிக்கதிர் எல்லாவற்றையும் வெண்கலத்தில் வார்த்து, நடுவே பூமி உருண்டையை வைத்துச் செய்தது.

இது புதுச்சேரியில் ஆளுநராக இருந்த டூப்ளே, தக்காணத்து அரசருக்குப் பரிசாகக் கொடுக்கக் கேட்டது. பாடம் நினைவிருக்கிறதா? 1739இல் நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1742இல் டூப்ளே ஆளுநரானார். 1751இல் ஐதராபாத்தில் சலாபத் ஜங் பிரெஞ்சுப் படையின் துணையோடு பட்டத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் அரசர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பீரங்கி எவ்வளவு உதவியதோ, பரிசும் அவ்வளவு உதவியது.

கடிகாரம் முடிந்து 1754இல் பதினைந்தாம் லூயி மன்னர் பார்வைக்கு வைத்தார்கள். அதே 1754இல் டூப்ளேயைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கடிகாரம் பிரான்சிலேயே தங்கிவிட்டது. சரியாக 200 வருடம் கழித்து, 1954 நவம்பர் 1ஆம் தேதி, பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனார்கள். நான் வகுப்பில் இந்த இரண்டு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுவேன், தேர்வில் மறக்காமல் இருக்க.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பொன்முலாம் எப்படிப் பூசினார்கள் தெரியுமா? தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் மாதிரி ஆக்கி, வெண்கலத்தில் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் உதிரும், புத்தி தடுமாறும். பாரிஸில் பட்டறை பட்டறையாக அப்படி வேலை பார்த்தார்கள். மன்னர் பெயரும் ஆளுநர் பெயரும் நமக்குத் தெரியும். தீச்சட்டி முன்னால் உட்கார்ந்தவர் பெயர் தெரியாது. அருங்காட்சியகத்துக்குப் போகிற பிள்ளைகள், தங்கம் பளபளக்கிற எதைப் பார்த்தாலும் அவரையும் ஒரு நிமிடம் நினையுங்கள். 1840களில் மின்சாரத்தால் முலாம் பூசும் முறை வந்த பிறகுதான் இந்தக் கொடுமை குறைந்தது.

இனி உறவுகளுக்கு.

நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கடிகாரம் எல்லோருக்கும் தெரியும். சைகோனில் பிரெஞ்சு அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த தாத்தா, வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தது. நாம் அதைத் 'தங்கக் கடிகாரம்' என்றே சொல்லி வளர்ந்தோம். பழம்பொருள் வாங்குகிற ஒருவர் 40,000 ரூபாய்க்குக் கேட்கிறார். அந்தப் பணத்தில் ஒழுகுகிற ஓட்டை மாற்றலாம் என்று தம்பி சொல்கிறான். மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது தங்கமும் இல்லை, வெண்கலமும் இல்லை. பெரிய அத்தை ஒரு பொங்கலுக்குப் பித்தளைப் பாத்திரங்களோடு அதையும் புளி போட்டுத் தேய்த்தார் அல்லவா, அந்தப் பக்கம் இன்றும் சாம்பல் நிறமாக இருக்கிறது. வெண்கலமாக இருந்தால் உள்ளே செம்பழுப்பாகத் தெரியும். இது துத்தநாகத்தில் வார்த்து முலாம் பூசியது. பெரிய வீட்டுக் கடிகாரம் மாதிரியே வேண்டும், ஆனால் காசு குறைவு என்கிறவர்களுக்காகப் பிரான்சில் ஏராளமாகச் செய்த வகை.

அடிப்பெட்டியில் இருக்கும் பாட்டு இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர் திறந்து காட்டினார். ஒரு உருளை முழுக்கச் சின்னச் சின்ன முள். உருளை சுற்றும்போது அந்த முட்கள் சீப்பு மாதிரியான எஃகுத் தகட்டின் பற்களை மீட்டிவிடும். நீளப் பல்லுக்குக் கனத்த குரல், குட்டைப் பல்லுக்குக் கீச்சுக் குரல். நம்முடையதில் இரண்டு பல் ஒடிந்திருக்கிறது. சின்ன வயதில் பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் நாமெல்லோரும் வாயால் "டிங்" என்போமே, அதற்குக் காரணம் இதுதான்.

விற்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆளுநர் கேட்ட கடிகாரம் அதிகாரத்துக்காகச் செய்தது, அதிகாரம் போனதும் அதற்கு இங்கே வேலையில்லை. தாத்தா கடிகாரம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு வாங்கியது. அது வந்து சேர்ந்தது. மூன்று தலைமுறை அதைப் பார்த்துப் பள்ளிக்கூடம் கிளம்பியது.

வெறும் பேச்சாக இருக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்: ஓட்டுக்குத் தேவையான அந்த 40,000 ரூபாயை என் ஓய்வூதியத்திலிருந்து மாதம் 5,000 வீதம் எட்டு மாதத்தில் தந்துவிடுகிறேன். தம்பி, கொத்தனாரிடம் பேசி வை. கடிகாரம் யாருக்கு என்பதை மாங்கனித் திருவிழாவுக்கு எல்லோரும் வரும்போது பேசிக்கொள்வோம். வயதில் மூத்தவருக்கா, வசதி உள்ளவருக்கா என்று பார்க்க வேண்டாம். வாரம் ஒருமுறை மறக்காமல் சாவி கொடுக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும்.

யாருக்குப் போனாலும் மூன்று விஷயம். புளி, எலுமிச்சை, பாத்திரப் பொடி எதுவும் கூடாது, காய்ந்த மென்துணி போதும். தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, பிசுக்குப் பிடித்து நின்றுவிடும். முள்ளைப் பின்பக்கமாகத் திருப்பக் கூடாது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த ஊரிலிருந்து யார் கொண்டுவந்தது என்பதை, அது தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.