ஏழாவது ஆட்டம்

அப்பா சனிக்கிழமைதோறும் நாலு நம்பர் எடுப்பார். இரண்டு வெள்ளிதான். தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்திலிருந்தே அப்படி. தோட்டம் செம்பனையாக மாறி, லயத்தை விட்டு ஈப்போ பக்கம் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு வெள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பொறியியல் படித்த எனக்கு அது சிரிப்பாக இருந்தது. 'பிக்' வைத்தால் 10,000 எண்களில் 23க்குப் பரிசு. ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500. எல்லாப் பரிசையும் கூட்டிப் பார்த்தால், ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்பி வருவது 64 காசு. "இது நட்டம்பா" என்று தாளில் போட்டே காட்டியிருக்கிறேன்.

அதே சமயம் நான் கைப்பேசியில் காற்பந்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓர் ஆட்டத்துக்கு 50 வெள்ளி, ஜெயித்தால் 45 லாபம். 212 முறை கட்டி 107 முறை ஜெயித்தேன். பாதிக்கு மேல்! ஆனாலும் 435 வெள்ளி நட்டம். அந்த விலையில் கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 52.6 ஜெயிக்க வேண்டும். என்னுடையது 50.5.

விட்டதைப் பிடிக்க, தோற்றால் இரட்டிப்பாக்கும் முறைக்கு மாறினேன். என்றாவது ஜெயித்துத்தானே ஆக வேண்டும்? ஒரு வார இறுதியில் வரிசையாகத் தோற்றேன். 50, 100, 200, 400, 800, 1,600, 3,200. ஏழு ஆட்டம், 6,350 வெள்ளி. மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் என்று சேர்த்தது. எட்டாவதற்கு 6,400 வேண்டும். கையில் இல்லை.

பிறகுதான் நிதானமாகக் கணக்குப் போட்டேன். ஐந்தாவதில் 800 கட்டி ஜெயித்திருந்தாலும் லாபம் 720. அதற்குள் போயிருந்தது 750. 1956இல் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி, கையிருப்பில் எத்தனை பங்கைக் கட்டலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். என் எண்களை அதில் போட்டால் விடை சுழியத்துக்கும் கீழே. அதாவது, கட்டாதே.

அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசவில்லை.

"நீங்க ஏம்பா ஒரு தடவகூட ரெண்டு வெள்ளிக்கு மேல போடல?"

"தொலஞ்சாலும் பரவால்லங்கிற காசுதான் அது. போனதப் பிடிக்கப் போனா, இருக்கிறதும் அது பின்னாலயே போயிரும்."

அவர் முறையிலும் லாபம் இல்லை. ஆனால் நட்டத்துக்கு ஒரு வேலி போட்டிருந்தார். நான் அந்த வேலியைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன்.

எழுந்து போகும்போது சொன்னார்: "அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."