அன்றே உண்ணும் பணியாரம்

யாம் கியோட்டோ நகரில் ஆராய்ச்சி மாணவராய்த் தங்கியிருந்த காலத்துக் கற்றவற்றுள் ஒன்று எமது பட்டப் பத்திரத்தில் இடம் பெறவில்லை. அஃது அடுத்த வீட்டில் தனித்து வாழ்ந்த மூதாட்டியார் ஒருவர் எமக்குப் பயிற்றிய பணியாரக் கலையாம். அதனை ஈண்டு நண்பர்கட்கு உரைக்க விழைகின்றோம்.

'டைஃபுக்கு' என்பது அப்பணியாரத்தின் பெயர்; பெரும்பேறு என்பது அதன் பொருள். அரிசிமாத் தோலுக்குள் பயற்றுப் பூரணம் பொதிந்த இப்பண்டம் எடோ காலத்திலிருந்தே வழங்குவது. ஸ்ட்ராபெரிக் கனியை முழுதாக உள்ளே வைக்கும் வழக்கமோ 1980-களிலேதான் பரவிற்று. முதன்முதற் செய்தவர் தாமே எனப் பல கடைக்காரர் உரிமை பாராட்டுவர்.

எட்டு உருண்டைகட்கு 100 கிராம் மோச்சி அரிசிமாவும், 50 கிராம் வெள்ளைச் சர்க்கரையும், 150 மில்லிலிட்டர் நீரும் வேண்டும். மாவை நீரிற் கட்டியின்றிக் கரைத்துச் சர்க்கரை சேர்த்து, மைக்ரோவேவ் அடுப்பில் இரண்டு நிமிஷம் வைத்துக் கிளறி, மீண்டும் ஒரு நிமிஷம் வைத்துக் கிளறினால், வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் களி கிட்டும். மோச்சி அரிசியில் அமைலோஸ் என்னும் மாச்சத்து இல்லையெனவே கூறலாம். ஆதலின் அது பிசினென இழுபடும். சர்க்கரை நீரைப் பற்றி நிற்றலால் களி விரைவில் இறுகுவதில்லை.

முதன்முறை தனித்துச் செய்தபொழுது, கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கையாகலின், யாம் உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டோம். களி கையில் ஒட்டவில்லை. தன்னோடு தானும் ஒட்டவில்லை! வாய் மூடாத எட்டு உருண்டைகளையும் கண்டு மூதாட்டியார் வயிறு குலுங்க நகைத்தார். பின்னர், உருளைக்கிழங்கு மாவைக் கையிற் பூசி, ஈரம் துடைத்த கனியைப் பூரணத்தால் மூடி, அதன் நுனி கீழ்நோக்கத் தோலின்மேல் வைத்து, ஓரங்களை இழுத்துக் கிள்ளிச் சேர்க்கும் முறையைக் காட்டினார். "செய்த அன்றே உண்ணல் வேண்டும்" என்றும் பலகாற் கூறினார்.

அடுத்த முறை எட்டும் செவ்வனே அமைந்தன. அவருக்கென நான்கை எடுத்து வைத்தோம். எனினும் மறுநாள் எமக்குத் தேர்வு இருந்தமையின், 'நாளைக் கொடுப்போம்' என்றிருந்துவிட்டோம்; அந்நாளும் ஏதோ அலுவலிற் கழிந்தது. மூன்றாம் நாட் காலை எடுத்து நோக்கினால், பூரணத்தின் சர்க்கரை கனியின் நீரை வெளியே ஈர்த்துவிட்டது. தோல் கசிந்து கிழிந்து, தட்டெல்லாம் சிவந்த நீர் தேங்கியிருந்தது. நாணி வெறுங்கையோடு சென்றோம். கதவு பூட்டியிருந்தது. மகளார் முதல்நாள் வந்து அவரைத் தொலைவிலுள்ள தம் ஊருக்கே அழைத்துச் சென்றுவிட்டனர் என அயலார் கூறினர்.

அஞ்சலில் அனுப்பத்தக்க பண்டமும் அன்று அது. ஆதலின் நிகழ்ந்ததை எழுதிப் பொறுத்தருள வேண்டினோம். மறுமொழியாக வந்த அஞ்சலட்டையில் ஒரே வினாத்தான் இருந்தது: "கனிகள் இனித்தனவா?"

அன்று முதல், மாவு கிளறும் நாளெல்லாம், இரவு எவ்வளவாயினும் யாம் அன்றே அயல்வீட்டுக் கதவைத் தட்டிவிடுகின்றோம்.