சாட்டாவா, என்விஎம்இ-யா? சண்டை வேணாம் பாஸ்!

எங்க காலேஜ் கேன்டீன்ல இப்போ ரெண்டு கட்சி. 'எஸ்எஸ்டி வாங்கினா என்விஎம்இதான் மச்சி, வினாடிக்கு 3,500 எம்.பி. பறக்கும்!'னு ஒரு கோஷ்டி. 'வீட்டுக்கு சாட்டாவே போதும்டா'னு இன்னொண்ணு.

எனக்கு இது வெட்டி அரட்டை இல்ல. வீட்டுல இருக்குறது பத்து வருஷத்துப் பெட்டி. பவர் பட்டனை அமுக்கிட்டு டீ போட்டுக் குடிச்சு, டம்ளரையும் கழுவி வெச்சுடலாம். அது அப்பவும் சோம்பல் முறிச்சுக்கிட்டு இருக்கும். அதுலதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், தங்கச்சியோட ஆன்லைன் டெஸ்ட் எல்லாமே. 'புதுசாவே வாங்கிடலாமா?'னு அப்பா கேட்டார். என் செமஸ்டர் ஃபீஸ் கணக்கும் அவர் மனசுல ஓடுறது முகத்துலயே தெரிஞ்சது.

என்விஎம்இ கோஷ்டி சொல்ற கணக்கு நிஜம்தான். சாட்டா 2003-ல் வந்தப்போ வேகம் வினாடிக்கு 150 எம்.பி. அதோட மூன்றாம் தலைமுறையில எஸ்எஸ்டி மாட்டினா 550 வரை கிடைக்கும். 2011-ல் வெளியான என்விஎம்இ, எஸ்எஸ்டி மாதிரி சிப் நினைவகத்துக்காகவே எழுதின விதிமுறை. கிராஃபிக்ஸ் கார்டு போற பிசிஐ எக்ஸ்பிரஸ் ஹைவேயிலேயே இதுவும் போகும்.

ஆனா கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்போ, ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைலைத் தேடி எடுக்கணும். ஹார்டு டிஸ்க்குல ஒவ்வொரு தேடலுக்கும் தட்டு சுத்தணும், முள் நகரணும். ஒரு தடவைக்கு சுமார் 10 மில்லி செகண்ட். அதாவது, வினாடிக்கு நூறு தேடல்தான்! எஸ்எஸ்டி-ல தட்டும் இல்ல, முள்ளும் இல்ல. சாட்டாவுல மாட்டினாலே பல்லாயிரம் தேடல். பெரிய தாவல் இங்கேயே முடிஞ்சுடுது. அங்கிருந்து என்விஎம்இ-க்குப் போனா, ஆன் ஆகுறதுல மிச்சமாகுறது சில வினாடிதான். தினமும் பெரிய வீடியோ எடிட் பண்றவங்களுக்கு மட்டும் அது நிஜமாவே வரம்.

இன்னொரு மேட்டர். 'எம்.2'ங்கிறது வடிவத்தோட பேரு, வேகத்தோட பேரு இல்ல. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்குற அதே வடிவத்துல சாட்டாவும் வரும், என்விஎம்இ-யும் வரும். ஸ்லாட் எதை ஏத்துக்கும்னு மதர்போர்டு மேனுவல்தான் சொல்லும். எங்க போர்டுல எம்.2 ஸ்லாட்டே கிடையாது. அடாப்டர் போட்டு என்விஎம்இ மாட்டலாம். ஆனா பல பழைய போர்டுகள் அதுலேர்ந்து பூட் ஆகாது.

அதனால, சாட்டா எஸ்எஸ்டி வாங்கினோம். ஃபீஸ் பணத்துல கை வைக்கல. பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடாம ப்ராஜெக்டுக்கும் குடும்ப போட்டோக்களுக்கும் பேக்கப் ஆக்கிட்டேன். எஸ்எஸ்டி சில நேரம் முன்னறிவிப்பே இல்லாம உயிரை விட்டுடும்.

புது போர்டு வாங்குறீங்களா, விலையும் பக்கத்துலயே இருக்கா? தாராளமா என்விஎம்இ எடுங்க. பழைய பெட்டியா? மொதல்ல மேனுவலைத் திறங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க!